அரை மணி நேர நடை

மும்பையில் வாழும் நம்மவர்களிடம் தேகப் பயிற்சியைப் பற்றிப் பேச்செடுத்தால், பெரும்பாலோரிடமிருந்து ஒரே பதில்தான் வருகிறது. "விடியற்காலையில் எழுந்து தண்ணீர் பிடித்து, லோக்கல் ரயிலில் முண்டியடித்து ஏறி, பகலெல்லாம் ஆபீசில் உழைத்து, இரவு ஒன்பது மணிக்கு வீடு திரும்புகிறோம். இதைவிட என்ன பயிற்சி வேண்டும்?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுபோல் தோன்றும். அவர்கள் படும் பாட்டை யாரும் குறைத்து மதிப்பிட முடியாது. ஆனால் களைப்பு வேறு, பயிற்சி வேறு. இந்த வேறுபாட்டை உணராததால் நம் குடும்பங்கள் பெரிய விலை கொடுத்து வருகின்றன.

ஓர் ஆபீஸ் குமாஸ்தாவின் ஒரு நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். போக வர இரண்டு மூன்று மணி நேரம் ரயிலில் நெருக்கப்பட்டு நிற்கிறார். எட்டு மணி நேரம் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். ரயில் நிலையத்திலிருந்து ஆபீசுக்கு ஷேர் டாக்சி அல்லது ஷேர் ஆட்டோ. வீட்டுக்கு வந்ததும் தொலைக்காட்சியோ கைப்பேசியோ. உடம்பு முழுவதும் வலிக்கிறது. ஆயினும் இருதயம் வேகமாகத் துடித்த நேரம் என்று பத்து நிமிடம்கூடத் தேறாது. கால்களில் உள்ள பெரிய தசைகள் வேலை செய்யும்போதுதான் இரத்தத்தில் உள்ள சர்க்கரையை அவை தாராளமாக இழுத்துக்கொள்கின்றன. நின்றுகொண்டே தூங்கும் பயணத்தில் அந்த வேலை நடப்பதில்லை.

இதை உலகுக்கு முதலில் தெளிவாகக் காட்டியது ஒரு பஸ் கணக்குதான். லண்டன் மாநகரில் ஓடிய இரட்டை மாடிப் பஸ்களின் ஓட்டுநர்களையும் கண்டக்டர்களையும் ஜெர்ரி மாரிஸ் என்ற மருத்துவ அறிஞர் ஒப்பிட்டு ஆராய்ந்தார். அதன் முடிவுகள் 1953ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தன. இரு சாராரும் ஒரே பஸ்ஸில், ஒரே புகையில், ஏறத்தாழ ஒரே நிலைக் குடும்பங்களிலிருந்து வந்து வேலை பார்த்தவர்கள். ஓட்டுநர் பணி நேரத்தில் பெரும் பகுதியை உட்கார்ந்தே கழித்தார். கண்டக்டரோ டிக்கெட் கொடுப்பதற்காக ஒரு நாளில் ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகளை ஏறி இறங்கினார். கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. வந்தவர்களுக்கும் பிந்திய வயதில், கடுமை குறைந்து வந்தது. கடிதம் சுமந்து நடந்த தபால்காரர்களையும், தபால் இலாகாவில் உட்கார்ந்து எழுதிய குமாஸ்தாக்களையும் ஒப்பிட்டபோதும் இதே வேறுபாடு தென்பட்டது.

"முதலிலேயே பருமனாக இருந்தவர்கள் ஓட்டுநர் வேலைக்குப் போயிருக்கலாமே?" என்ற கேள்வி எழுந்தது. மாரிஸ் அதையும் விடவில்லை. சீருடை அளவுகளைப் பார்த்து, ஓட்டுநர்களின் இடுப்புச் சுற்றளவு கூடுதல் என்பதை அவரே எடுத்துச் சொன்னார். பின்னர் நாற்காலி உத்தியோகத்திலேயே இருந்த பிரிட்டிஷ் அரசு அலுவலர்களை ஆராய்ந்து 1973இல் முடிவை வெளியிட்டார். ஓய்வு நேரத்தில் சுறுசுறுப்பான பயிற்சி செய்தவர்களுக்கு இருதய நோய் குறைவாக வந்தது என்பதே அம்முடிவு. வேலை உட்கார்ந்த வேலையாக இருந்தாலும் மீதி நேரத்தில் மீட்சி உண்டு என்பது அதன் பொருள். அந்த அறிஞர் 2009இல் காலமானபோது அவருக்கு வயது 99.

மும்பைவாசிகளுக்கு இரட்டை மாடிப் பஸ் புதிதல்ல. 1937 முதல் 'பெஸ்ட்' நிறுவனம் அவற்றை ஓட்டி வந்தது. பழைய டீசல் வண்டிகளில் கடைசியானது 2023 செப்டம்பரில் ஓய்வு பெற்றது. இப்போது மின்சார வண்டிகள் ஓடுகின்றன. அந்தப் படிகளில் ஏறி இறங்கிய கண்டக்டர்களில் தமிழர்களும் இருந்திருப்பார்கள். இன்று நம்மில் பெரும்பாலோர் ஓட்டுநரின் இடத்தில்தான் இருக்கிறோம்: உட்கார்ந்த இடம், நகராத கால்.

நம் நாட்டு நிலைமை என்ன? சென்னையில் உள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. இந்தியாவில் சர்க்கரை வியாதி உள்ளவர்கள் சுமார் 10 கோடி. அதன் வாசற்படியில் நிற்பவர்கள் 13 கோடிக்கு மேல். அதே ஆய்வின் முதற்கட்டத்தில், தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டீகர் ஆகிய நான்கு இடங்களில் மக்களின் உடல் உழைப்பை அளந்து 2014இல் வெளியிட்டார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் போதிய உடலசைவு இல்லாதவர்கள். ஓய்வு நேரத்தில் நடை, விளையாட்டு என்று எதுவுமே செய்யாதவர்கள் மகாராஷ்டிரத்திலும் தமிழ்நாட்டிலும் பத்தில் ஒன்பது பேருக்கு மேல். விட்டு வந்த மாநிலமும் வந்து சேர்ந்த மாநிலமும் இவ்விஷயத்தில் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல!

"நான் ஒல்லியான ஆள், எனக்கென்ன?" என்று இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. மேல்நாட்டவரைவிடக் குறைந்த எடையிலேயே, குறைந்த வயதிலேயே இந்தியர்களுக்குச் சர்க்கரை வியாதி வருகிறது என்பது மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட உண்மை. கை கால் மெலிந்திருக்கும்; வயிறு மட்டும் முன்னே நிற்கும். ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 செண்டி மீட்டரையும், பெண்களுக்கு 80 செண்டி மீட்டரையும் தாண்டினால் எச்சரிக்கை அடைய வேண்டும் என்பது இந்தியர்களுக்கென்று வகுத்த கணக்கு. எடை பார்க்கும் இயந்திரம் இல்லாத வீட்டிலும் தையல்காரரின் டேப் ஒன்று கிடைக்கும். இன்றே அளந்து பார்க்கலாம்.

வெளிமாநிலத்தில் பிழைக்க வந்தவனுக்கு உடம்புதான் முதல். இங்கே வாடகையும் பள்ளிக்கூடச் சம்பளமும் அந்த ஒருவன் சம்பாத்தியத்தில் நடக்கின்றன. ஊரிலே திருநெல்வேலியிலோ விழுப்புரத்திலோ உள்ள பெற்றோருக்கு மாதாமாதம் போகும் பணமும் அதிலிருந்துதான். நாற்பத்தைந்து வயதில் அவன் படுக்கையில் விழுந்தால் இரண்டு வீடுகளில் அடுப்பு அணைகிறது. ஊரில் என்றால் சித்தப்பா, மாமா என்று தாங்கிப் பிடிக்க நாலு பேர் உண்டு. இங்கே பக்கத்து அறைக்காரருக்கும் அதே கஷ்ட ஜீவனம். ஆகவே மும்பைத் தமிழனுக்கு உடலைப் பேணுவது குடும்பக் கடமை.

இதில் நம்பிக்கையூட்டும் செய்தியும் சென்னையிலிருந்தே வந்திருக்கிறது. மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்து 2006இல் வெளியான இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வைச் சொல்கிறோம். அதில் பங்கு கொண்ட 531 பேரும் அலுவலகங்களில் வேலை பார்த்த நடுத்தர வர்க்கத்தாரும் அவர்கள் குடும்பத்தாரும். சர்க்கரை வியாதியின் வாசற்படியில் இருந்தவர்கள். வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் மூன்றாண்டில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. தினமும் அரை மணி நேரம் நடந்து, உணவையும் ஒழுங்குபடுத்தியவர்களில் அது 39ஆகக் குறைந்தது. மாத்திரை மட்டும் சாப்பிட்ட பிரிவினருக்கும் ஏறக்குறைய அதே அளவு பயன்தான் கிடைத்தது. நடையும் உணவுக் கட்டுப்பாடும் மாத்திரைக்குச் சமமாக நின்றன என்றால், அந்த மருந்துக்குக் கடைச்சீட்டு வேண்டியதில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு நடக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான வேகத்தில் உடலசைவு வேண்டும். வாரத்தில் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி என்று வைத்தால் குறைந்தபட்சக் கணக்கு தீர்ந்துவிடும். மிதமான வேகம் என்பதற்குக் கடிகாரம் தேவையில்லை. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அரை மணியையும் ஒரே மூச்சில் நடக்க வேண்டும் என்பதுமில்லை. பத்துப் பத்து நிமிடமாக மூன்று முறை நடந்தாலும் கணக்கில் சேரும். முன்பு பத்து நிமிடத்துக்குக் குறைந்தால் சேராது என்றிருந்த விதியையும் 2020இல் எடுத்துவிட்டார்கள்.

"நேரம் எங்கே இருக்கிறது?" என்ற கேள்விக்குப் பதில், போகிற வழியில் இருக்கிறது என்பதே. சர்ச்கேட் நிலையத்திலிருந்து நரிமன் பாயிண்டுக்கு ஷேர் டாக்சி வரிசையில் பத்து நிமிடம் நிற்கிறவர், இருபது நிமிடத்தில் நடந்தே போய்விடலாம், பணமும் மிச்சம். சத்ரபதி சிவாஜி மகாராஜ் டெர்மினசிலிருந்து கோட்டைப் பகுதிக்கும் பல்லார்ட் எஸ்டேட்டுக்கும் இதே கதைதான். பஸ்ஸில் வருபவர்கள் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கலாம். ரயில் நிலையத்தில் மேம்பாலப் படிகளை ஏறி இறங்குவது லண்டன் கண்டக்டரின் பயிற்சியேதான். அந்தப் படிகளைத் தவிர்ப்பதற்காகத் தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டுபவர்கள் பயிற்சியையும் இழக்கிறார்கள், சில வேளைகளில் உயிரையும் இழக்கிறார்கள்.

இந்நகர மக்களுக்கு நடக்கத் தெரியாமல் இல்லை. 2005 ஜூலை 26ஆம் தேதி சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் மழை கொட்டியபோது ரயிலும் பஸ்ஸும் நின்றன. ஏராளமான மக்கள் இடுப்பளவு நீரில் இரவெல்லாம் நடந்து வீடு சேர்ந்தார்கள். ஆபத்து வந்தபோது அத்தனை தூரம் நடந்த கால்கள், ஆபத்து வராமல் இருக்க அரை மணி நடக்கக் கூடாதா?

உடல் உழைப்பாளிகளின் நிலை வேறு. மூட்டை தூக்குகிறவரிடமும், கட்டட வேலை செய்கிறவரிடமும் போய் நடைப் பயிற்சி செய்யுங்கள் என்பது கேலியாகும். பகல் முழுவதும் பாரம் சுமக்கும் உடம்புக்கு முதல் தேவை நல்ல உறக்கமும் வயிறார உணவும். அவர்களுக்கு ஞாயிறு மாலை ஒரு மணி நேரம், பாரமில்லாமல் காற்று வாங்க நடப்பதும், பிள்ளைகளோடு விளையாடுவதும் மனத்துக்கு இளைப்பாறுதல் தரும். அந்த நேரம் மதுக்கடையில் போகாமல் இருந்தால் அதுவே பெரிய இலாபம்.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த அறிஞர்கள் 2024இல் வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் வயது வந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் போதிய உடலசைவு இல்லை. ஆண்களில் நூற்றுக்கு 42, பெண்களில் 57. பத்துக்குப் பத்து அறையில் சமையலும் துவையலுமாக இருக்கும் பெண்மணிக்கு ஓயாத வேலை இருக்கிறது. வெளியே வீசி நடக்க இடமில்லை. தனியே போகத் தயக்கம், இருட்டு, வீட்டில் கேள்வி. இவற்றுக்கு மருந்து துணைதான். ஒரே சாலிலோ குடியிருப்பிலோ உள்ள நாலைந்து பேர் சேர்ந்து காலையில் புறப்பட்டால் தயக்கம் போய்விடும். அந்த அரை மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் டீ போடவும் வீட்டு ஆண்கள் முன்வர வேண்டும்.

இடமில்லை என்று சொல்பவர்கள் நம் குடியிருப்புகளைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாதுங்காவிலும் ஆண்டாப் ஹில்லிலும் இருப்பவர்களுக்குப் பைவ் கார்டன்ஸ் கூப்பிடு தூரம். மாகிம், தாதர் வாசிகளுக்கு 1925இல் திறக்கப்பட்ட சிவாஜி பார்க் இருக்கிறது; அதைச் சுற்றிய திண்ணையை ஒட்டி ஒரு சுற்று வந்தால் ஒரு கிலோ மீட்டருக்கு மேல். சயான் நிலையத்துக்கு அருகே, பதினேழாம் நூற்றாண்டில் கிழக்கிந்தியக் கம்பெனியார் கட்டிய சிறு கோட்டை குன்றின்மேல் நிற்கிறது, அடிவாரத்தில் தோட்டம். தினமும் அதன் அடியில் ரயிலேறும் நம்மவர்களில் பலர் ஒரு தடவைகூட மேலே போனதில்லை. செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலுக்கோ நூற்றெட்டுப் படிகள். பக்தியும் பயிற்சியும் ஒரே ஏற்றத்தில் கிடைக்கின்றன.

தாராவிக்கு எதிரே மித்தி நதிக்கரையில் உள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவை விசேஷமாகக் குறிப்பிட வேண்டும். சுமார் 37 ஏக்கர் பரப்புள்ள அந்த இடம் 1970களில் நகரத்தின் குப்பையைக் கொட்டிய மேடு. மரம் நட்டு வளர்த்து 1994இல் பூங்காவாகத் திறந்தார்கள். குப்பை மேட்டையே காடாக்க முடிந்தது என்பது அந்தப் பகுதி மக்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னும் தூரம் போகலாம். போரிவ்லியில் உள்ள சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா சுமார் 100 சதுர கிலோ மீட்டர் காடு. உள்ளே வாடகைச் சைக்கிள் கிடைக்கிறது. வாயிலிலிருந்து நடந்தோ சைக்கிளிலோ கான்ஹேரி வரை சென்றால், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னே பௌத்தத் துறவிகள் குடையத் தொடங்கிய நூற்றுக்கு மேற்பட்ட குகைகளைப் பார்க்கலாம். சிறுத்தைகள் வாழும் காடு என்பதால், பாதையை விட்டு விலகாமலும் பொழுது சாய்வதற்குள்ளும் திரும்ப வேண்டும். நம் தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழாவுக்குச் செலவிடும் உழைப்பில் ஒரு பங்கைச் செலவிட்டால், மாதம் ஒரு முறை குடும்பங்களை இப்படி அழைத்துச் செல்லலாம். பந்தல் வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். புளிசாதப் பொட்டலமும் குடிதண்ணீரும் போதும்.

பிள்ளைகளுக்கு விளையாட்டே பயிற்சி. நம் ஊர்ச் சடுகுடுவை மராட்டியர்கள் 'ஹுதூது' என்று ஆடினார்கள். இரண்டும் இன்று கபடி என்ற பெயரில் ஒன்றாகிவிட்டன. ஒரு துண்டு மண் தரையும் ஒரு கோடும் இருந்தால் ஆடக்கூடிய ஆட்டம் அது. தமிழ்ப் பிள்ளைகளும் மராட்டியப் பிள்ளைகளும் ஒரே களத்தில் மூச்சுப் பிடித்து ஆடினால் உடம்பும் உரம் பெறும், உறவும் உரம் பெறும்.

சைக்கிளைப் பொறுத்தவரை இந்நகரம் நன்றி மறந்த நகரம். பாலும் பத்திரிகையும் பாவ் ரொட்டியும் சைக்கிளில் வருகின்றன. விடியற்காலையில் தாராவியிலிருந்து புறப்படும் நம் இட்லி வியாபாரிகளின் பாத்திரமும் சைக்கிளில்தான் போகிறது. ஆனால் சைக்கிளுக்கென்று சாலையில் ஒரு முழ இடம் கிடையாது. பாந்திரா-குர்லா வளாகத்தில் பல கோடி ரூபாய் செலவில் போட்ட சைக்கிள் பாதை, தொடர்ச்சியில்லாமலும் வண்டிகளின் ஆக்கிரமிப்பாலும் பயனற்றுப் போனது. கார் ஓட்டுபவர்கள் பொழுதுபோக்குக்குச் சைக்கிள் ஏறுவதை எண்ணிப் போட்ட பாதை அது. பிழைப்புக்குச் சைக்கிள் மிதிப்பவன் எந்தத் தெருவில் போகிறான் என்று பார்த்து அங்கே போட வேண்டும்.

மாநகராட்சியின் கடமையைச் சொல்லாமல் மக்களுக்கு மட்டும் உபதேசம் செய்வது முறையாகாது. மும்பையில் பூங்காவும் மைதானமுமாக ஆளுக்கு இரண்டு சதுர மீட்டர்கூட வராது. கடற்கரைச் சாலையை ஒட்டிய நடைபாதையில் ஐந்து கிலோ மீட்டருக்கு மேல் 2025 ஆகஸ்டில் திறந்தார்கள், வரவேற்கிறோம். ஆனால் சயானிலும் குர்லாவிலும் கோவண்டியிலும் இருப்பவர், கடற்காற்று வாங்க ஒரு மணி நேரம் பயணம் செய்ய வேண்டியிருக்கிறது. நடைபாதை அவரவர் தெரு வாசலில் தொடங்க வேண்டும். இன்று பல தெருக்களில் அது உடைந்தோ, வண்டிகளால் அடைபட்டோ, இல்லாமலோ இருக்கிறது. சாலை விபத்தில் உயிரிழப்பவர்களில் பெரும் பங்கு நடந்து போகிறவர்கள் என்பதை அதிகாரிகள் மறந்துவிடக் கூடாது.

நடைபாதைக் கடைகளைப் பற்றியும் ஒளிவுமறைவின்றிப் பேச வேண்டும். அவற்றில் பல நம்மவர் பிழைப்பு. ஒரே நாளில் துரத்துவது நியாயமாகாது. தெரு வியாபாரிகளுக்கென்று 2014இல் இயற்றிய சட்டம், குழு அமைத்து இடம் ஒதுக்கும் வழியைச் சொல்கிறது. அதை ஒழுங்காக நிறைவேற்றினால் கடைக்காரருக்கும் இடம் உண்டு, கைக்குழந்தையோடு நடக்கும் தாய்க்கும் வழி உண்டு. தாராவிச் சீரமைப்பு நடைபெறும் இவ்வேளையில், எத்தனை மாடி, எத்தனை சதுர அடி என்று மட்டும் கேட்காமல், பிள்ளைகள் ஓட மைதானம் எங்கே, முதியவர் நடக்கப் பாதை எங்கே என்றும் நம்மவர்கள் கேட்க வேண்டும். கட்டடம் எழும்பிய பிறகு மைதானத்துக்கு இடம் தேடுவது வீண்.

சில எச்சரிக்கைகள் அவசியம். நாற்பது வயதைத் தாண்டியவர்களும் இரத்த அழுத்தம், சர்க்கரை உள்ளவர்களும் ஒரு முறை பரிசோதித்துக்கொண்டு தொடங்குவது நல்லது. மாநகராட்சி 2022 முதல் நடத்திவரும் 'ஆப்லா தவாகானா' நிலையங்கள் மாலையிலும் திறந்திருப்பதால் லீவு போட வேண்டியதில்லை. நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, இடது கையில் வலியோ, தலைச்சுற்றலோ வந்தால் உடனே நின்று மருத்துவமனைக்குப் போக வேண்டும். வாயுக் கோளாறு என்று சோடா குடித்துக் காலம் கடத்தக் கூடாது. சர்க்கரை வியாதிக்காரர்கள் வெறுங்காலில் நடப்பதைத் தவிர்த்து, தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும். மழைக்காலத்தில் காலில் புண்ணோடு தேங்கிய நீரில் இறங்கினால் எலிக்காய்ச்சல் வரும் அபாயம் உண்டு. அந்நாட்களில் வீட்டு மாடிப்படியே போதும். குளிர்காலக் காலையில் புகை மூட்டமாக இருந்தால் பெரிய சாலைகளை விட்டுப் பூங்காவுக்குள் நடப்பது மேல்.

நல்ல ஷூ வாங்கிய பிறகு, மழை நின்ற பிறகு, பையன் பரீட்சை முடிந்த பிறகு என்று தள்ளிப்போடுவது நம் வழக்கம். நடைக்கு முகூர்த்தம் பார்க்க வேண்டியதில்லை. முதல் வாரம் பத்து நிமிடம், அடுத்த வாரம் பதினைந்து என்று கூட்டிக்கொண்டே போனால் ஒன்றரை மாதத்தில் அரை மணி நேரம் பழக்கமாகிவிடும். சங்கங்களும் கோயில் குழுக்களும் தொழிற்சங்கங்களும் தத்தம் பகுதியில் ஒரு நடைக் குழுவையேனும் தொடங்கட்டும். ஊரை விட்டு ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் வந்து உழைப்பவன், தன் வீட்டாருக்கு அனுப்பும் பணத்தோடு தன் ஆயுளையும் சேமித்து வைக்க வேண்டும். அதற்கு ஒரு நாளில் அரை மணி நேரம் அதிகமல்ல.